டயர் மாற்றிய வாரம்

திருச்சியில் நாங்கள் பிக்கப் என்று சொல்லும் வண்டிக்குக் கொழும்பில் டபுள் கேப் என்று பெயர். வேலையில் சேர்ந்த அன்றே அலுவலகத்தின் பழைய ஹைலக்ஸ் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். குளிரறை பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் எங்கள் தொழில். வீடு வெள்ளவத்தையில், பெரும்பாலான வேலை பேலியகொடை மீன் சந்தைப் பக்கம். காலி வீதி, பேஸ்லைன் வீதி, களனிப் பாலம் எல்லாம் எனக்குப் பழகியது அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான். பாதசாரிக் கடவையில் ஒருவர் கால் வைத்தால் இங்கே வண்டிகள் நின்றுவிடும். அந்தப் பழக்கம் எனக்கு வர ஒரு மாதம் பிடித்தது. ஹார்னிலிருந்து கையை எடுக்க இன்னும் கொஞ்சம் நாளானது.

மே மாத மழைக்கு முன்னால் நான்கு டயரையும் மாற்றினோம். பழையது தார்ச்சாலை டயர், அதன் மேலுள்ள பள்ளத்தின் ஆழம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. புதியது தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன். அளவு அதேதான், 265/65 ஆர் 17. ஆனால் கடையை விட்டு வெளியே வந்து முதல் வளைவில் திரும்பியபோதே யாரோ ஒருவருடைய வண்டியை ஓட்டுவதுபோல இருந்தது. ஸ்டியரிங் இலேசாகி, திருப்பம் மந்தமாகி, சின்னக் குழிக்கும் முன்பக்கம் துள்ளியது. ஒரு வருடம் கைக்குப் பழகிய வண்டி அது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பஞ்சிகாவத்தையில் எங்களுக்குப் பழக்கமான நானாவிடம் கொண்டுபோனேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள், இந்த ஊர் எனக்குக் கொடுத்த உறவுச் சொல் அது. நான் சொல்லி முடிப்பதற்குள், "தம்பி, முதல்ல காத்தப் பாருங்க" என்றார். நான்கிலும் காற்றழுத்தம் 42 பி.எஸ்.ஐ. இருந்தது. டயரின் விளிம்பு ரிம்மில் நன்றாக உட்கார வேண்டும் என்று கூடுதலாக அடிப்பார்கள். அப்புறம் இறக்க வேண்டும், அதைத்தான் மறந்திருக்கிறார்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, பாரமில்லாத வண்டிக்கு உரிய அளவுக்குக் குறைத்தார். துள்ளல் அங்கேயே நின்றது.

ஆனால் மந்தம் போகவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. நானா புது டயரில் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு ரப்பர் கட்டையை விரலால் தள்ளிக் காட்டினார், அசைந்தது. பள்ளம் ஆழமாக இருந்தால் ரப்பர் கட்டைகள் உயரமாக நிற்கும். சக்கரம் திரும்பும்போது அவை முதலில் சாய்ந்து, அதன் பிறகே தரையைப் பிடித்து வண்டியை இழுக்கும். தேய்ந்த டயரில் கட்டை குட்டை, சாய்வதற்கு ஒன்றுமில்லை, அதனால் உடனே திரும்பும். பழைய டயரில் நான் அவ்வளவு ரசித்த அந்தக் கூர்மையில் ஒரு பங்கு தேய்மானம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. போதாததற்கு, டயரை வார்க்கும் அச்சிலிருந்து எடுக்கப் பூசும் வழுக்கும் பொருள் புது டயரின் மேல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடினால் அது போய்விடும். அதுவரை வளைவில் அவசரம் வேண்டாம், பிரேக்கையும் முன்கூட்டியே மிதியுங்கள் என்றார்.

கழற்றிய முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தன. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், எப்போதோ விலகியிருக்கிறது, பார்க்காமல் ஓட்டினால் புதியதையும் அதேபோலத் தின்றுவிடும். அதையும் அன்றே சரிசெய்தோம். புது டயர் போடும் யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பத்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. பேஸ்லைன் வீதியில் ஓரமெல்லாம் தண்ணீர். போன வருடம் இதே இடத்தில் முன்சக்கரம் தண்ணீர்மேல் மிதந்து, ஸ்டியரிங் வெறுமையாகச் சுழன்றது, இப்போது நினைத்தாலும் கை நடுங்கும். இந்த முறை பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே தள்ளின, வண்டி பாதையை விடவில்லை. கடவையில் குடையோடு ஓர் அம்மா இறங்கினார். பிரேக்கை மெல்ல மிதித்தேன், கோட்டுக்கு முன்னாலேயே நின்றது.

பழையதில் ஒன்றை ஸ்பெயர் டயராக வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் ஐயா, ஐந்தாவதும் புதிதாகவே வாங்கிவிடுவோம் என்றேன்.