பாஸ்கா இரவில் தெற்கே ஒரு சிலுவை

எலத்தகிரி, கந்திகுப்பம், கோவிலூர் என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் எந்தப் பங்குக் கோயிலில் பாஸ்கா திருவிழிப்புக்கு, அதாவது ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தின சனி இரவு வழிபாட்டுக்குப் போனாலும், பூசை முடிந்ததும் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். சீரியல் செட் வெளிச்சத்தை விட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று தெற்கே பாருங்கள். அந்த நேரத்தில் வானத்திலும் ஒரு சிலுவை நிற்கும்.

தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டம் அது. ஏப்ரல் 4 வாக்கில் சரியாக நள்ளிரவில் அது நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கிறது. அடுத்தடுத்த நாட்களில் தினமும் 4 நிமிடம் முந்திக்கொள்ளும். மார்ச் 27 என்றால் பன்னிரண்டரை மணி, மே நடுவில் இரவு ஒன்பதேகால். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக மே மாதம் தோது, ஆனால் அப்போது கோடை மழை மேகம் குறுக்கே வரும். திருவிழிப்பு முடிய ஒன்றரை மணி ஆகிவிட்டாலும் கவலை இல்லை. சிலுவை வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

தர்மபுரி வட அட்சரேகை 12 டிகிரியில் இருப்பதால் சிலுவையின் அடி விண்மீன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்திலும், தலை விண்மீன் 21 டிகிரி உயரத்திலும் வரும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்தின் மேல் ஒன்றரை முஷ்டி அளந்தால் சிலுவையின் அடி. சிலுவை முழுவதும் மூன்று விரல் அகலத்தைவிடச் சற்றே நீளம். பெரிதாக எதிர்பார்த்துப் போகிறவர்கள் இதனாலேயே தவறவிடுகிறார்கள்.

இன்னொரு தவறு இதைவிட அதிகம் நடக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் இரவு எட்டரை மணிக்கே தெற்கில் ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு சிலுவை தெரியும். அது பொய்ச் சிலுவை. உண்மையானதைவிடப் பெரியது, மங்கலானது. அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அடையாளம் எளிது: உண்மைச் சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அதைச் சுட்டிக்கொண்டே பின்தொடரும். பொய்ச் சிலுவைக்கு அப்படி யாரும் கிடையாது.

சுட்டும் அந்த இரண்டில் சிலுவையிலிருந்து அதிகம் தள்ளி இருப்பது ஆல்ஃபா செண்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் தொகுதி அதுதான், தொலைவு சுமார் 4.3 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு). ஏறக்குறைய இதே அட்சரேகையில் உள்ள புதுச்சேரியில் 1689 டிசம்பரில் ஒரு வால்வெள்ளியைக் கவனித்துக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோதான், அது ஒன்றல்ல, இரண்டு விண்மீன் என்று கண்டவர். தமிழ் மண்ணில் நின்று ஒரு குருவானவர் கண்டது இது. நம் மறைக்கல்வி வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பைனாகுலரில் இரண்டும் பிரியாது. 60 மி.மீ. தொலைநோக்கியில் 50 மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் பிரியும்.

இடம் தேர்வதில் ஒன்றுதான் முக்கியம்: தெற்கு திறந்திருக்க வேண்டும். மலை உச்சிக்குப் போனாலும் தெற்கே இன்னொரு மலை மறித்தால் பயனில்லை. ஒகேனக்கல் பள்ளத்தாக்கு அதனால் சரிப்படாது. ஏரியின் வடகரையில் நின்று தண்ணீருக்கு மேலே பார்ப்பது நல்லது. மொட்டைப் பாறைக் கரடும் நல்லது, ஆனால் பகல் சூடு தங்கியிருக்கும் பாறைக்குப் பாம்பு வரும். செருப்பு போதாது, ஷூ போடுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இரவில் சாலையோரம் நிற்கவே கூடாது. யானை நடமாடும் இடம் அது. அடிவானத்தை ஒட்டிப் பார்க்கும்போது தலைக்கு நேர் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு காற்றை ஊடுருவிப் பார்க்கிறோம். தூசியும் புகையும் கலந்த இரவில் சிலுவையின் நான்காவது விண்மீன் மறைந்துவிடும். அப்படியானால் ஒரு மழை பெய்த மறுநாள் போங்கள்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நிலவுதான் பெரிய இடைஞ்சல். உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பதால் திருவிழிப்பு இரவில் நிலவு இருந்தே தீரும். பௌர்ணமிக்கும் ஞாயிற்றுக்கும் இடைவெளி கூடினால் நமக்கு லாபம். 2027-இல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28, பௌர்ணமி மார்ச் 22. சனி இரவு பதினொரு மணியை ஒட்டித்தான் நிலவு எழும். சிலுவையின் பெரிய விண்மீன்கள் நிலவொளியிலும் தெரியும்.

சீக்கிரமே வந்துவிட்டால் ஏழரை மணிக்கு மேற்கே பாருங்கள். யோபு நூலின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அறுமீன், மிருகசீரிஷம் என்று நம் பாட்டிமார் சொன்ன பெயர்களையே எழுதியிருக்கிறது. இரண்டும் அங்கே இறங்கிக்கொண்டிருக்கும். அதே வசனம் தட்சண மண்டலங்களையும், அதாவது தென்திசை விண்மீன் கூட்டங்களையும் சொல்கிறது. எருசலேமிலிருந்து இன்று தென்சிலுவை முழுதாகத் தெரியாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடிவானத்தை ஒட்டித் தெரிந்தது. பூமியின் அச்சு 26,000 ஆண்டுக்கு ஒருமுறை சுழன்று வருவதால் அங்கே மறைந்துபோனது. நமக்கு இன்னும் தெரிகிறது.

இதை அற்புத அடையாளமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிலுவையின் தலையில் சிவந்து தெரியும் விண்மீன் 88 ஒளியாண்டில் இருக்கிறது, அடியில் இருப்பது சுமார் 320 ஒளியாண்டில். நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பதால்தான் சிலுவை. தலை விண்மீனிலிருந்து இன்று கண்ணில் படும் ஒளி 1930-களின் கடைசியில் புறப்பட்டது. இடப்பக்கம், சிலுவைக்கு மேலே சுமார் ஒன்றரை முஷ்டி தள்ளி 10x50 பைனாகுலரைத் திருப்பினால் பஞ்சுருண்டை போல ஒமேகா செண்டாரி என்ற விண்மீன் கொத்து தெரியும். ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள், சுமார் 17,000 ஒளியாண்டு. வடிவத்தைவிட இந்தத் தொலைவுதான் முழங்கால் படிய வைக்கிறது.

திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. நேரமாகிறது என்று பல இடங்களில் சுருக்கிவிடுவதால் ஆறாவதான பாரூக்கு வாசகம் விடுபட்டுப்போகிறது. கடவுள் அழைத்ததும் விண்மீன்கள் "இதோ இருக்கிறோம்" என்று மகிழ்ச்சியோடு ஒளிர்ந்ததைச் சொல்லும் பகுதி அதில்தான் வருகிறது. கோயிலில் வாசிக்காவிட்டால், கரட்டின் மேல் சிவப்பு டார்ச்சில் நீங்களே வாசித்துவிட்டு டார்ச்சை அணையுங்கள்.