ஐப்பசி மழைக்கு ஒரு ஜோடி தோல் பூட்ஸ்

மதுரையில் பூட்ஸைக் கெடுப்பது குளிர் அல்ல. மார்கழி விடியற்காலையில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர். அதைவிட அதிகமாக, நனைந்த பூட்ஸை நாம் காயவைக்கிற லட்சணம்.

அதனால் உள்ளே ரோமம் வைத்தது, பஞ்சு வைத்தது எதையும் தொட வேண்டாம். கொடைக்கானலில் தங்கி வேலை பார்ப்பவருக்கு அது சரி. சமவெளியில் அது வியர்வைப் பை. உள்ளே சவ்வு வைத்துத் தைத்த 'வாட்டர்ப்ரூஃப்' பூட்ஸும் இங்கே பெரிதாக உதவாது. தரையிலிருந்து வரும் ஈரத்தைச் சவ்வு தடுக்கும், உண்மைதான். ஆனால் பைக்கில் போகிறவருக்குத் தண்ணீர் பேன்ட் வழியாக வழிந்து, பூட்ஸின் மேல்வாய் வழியாகத்தான் இறங்குகிறது. இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. நாள் கணக்கில் உள்ளேயே ஊறும். சவ்வு இல்லாமல், உள்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல் மட்டும் வைத்தது சீக்கிரம் காயும். மதுரைக்கு அதுதான் தோது.

கடையில் கையில் எடுத்ததும் எல்லாரும் மேல்தோலை வருடிப் பார்ப்பார்கள். நீங்கள் கவிழ்த்துப் பாருங்கள். சோல் மேல்பாகத்தோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் பூட்ஸின் ஆயுள் இருக்கிறது. பசையால் மட்டும் ஒட்டியது ஒரு வகை. அடிச்சோலிலிருந்து உள்ளட்டைக்கு அடியில் இருக்கும் பலகை வரை ஒரே தையலாக இழுத்தது இன்னொன்று. இதை 'பிளேக்' தையல் என்பார்கள். மூன்றாவது 'குட்இயர் வெல்ட்': விளிம்பைச் சுற்றி ஒரு தோல்பட்டி வைத்து, மேல்தோலை அந்தப் பட்டியோடும், பட்டியைச் சோலோடும் தனித்தனியாகத் தைப்பது.

எது எது என்று கண்டுபிடிக்க, "அண்ணே, உள்ளே இருக்கிற அட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துக்கிறேன்" என்று கேட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். அட்டைக்கு அடியில் பாதத்தைச் சுற்றித் தையல் வரிசை ஓடினால் பிளேக். வெயில் காலத்துக்கு இலகுவான நல்ல ஷூ அது. மழைக்கு ஆகாது, ஊசித் துளை வழியாகவே ஈரம் மேலே ஏறும். உள்ளே தையல் இல்லாமல் வெளியே பட்டியின் மேல் தையல் தெரிந்தால் வெல்ட்டாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் இங்கேதான் ஏமாற்று அதிகம். ரப்பர் விளிம்பில் தையல் மாதிரி அச்சு வார்த்திருப்பார்கள். அல்லது தனிப் பட்டியில் உண்மையான நூலை ஓட்டி, பட்டியை மட்டும் பசையால் ஒட்டியிருப்பார்கள். பட்டிக்கும் மேல்தோலுக்கும் நடுவே கட்டை விரலால் லேசாக அகட்டிப் பாருங்கள். இடுக்கின் ஆழத்தில் தையல் நூல் தெரிந்தால் நிஜம். பசைக் கோடு மட்டும் மினுங்கினால் அது வெறும் அலங்காரம், அதற்கு வெல்ட் விலை கொடுக்காதீர்கள்.

வெல்ட்டில் இருக்கிற லாபம், சோல் தேய்ந்த பிறகு மேல்தோலைத் தொடாமலே பிரித்துப் புதுச் சோல் தைக்கலாம். தினமும் போடுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

அட்டையைத் தூக்கும்போதே அடியில் இருக்கும் பலகையையும் பாருங்கள். தோலாகவோ, தோல்நாரை அழுத்திச் செய்த கெட்டிப் பலகையாகவோ இருந்தால் நல்லது. சாதாரணக் காகித அட்டையாக இருந்தால் நகத்தால் அழுத்தினாலே குழி விழும். அது இரண்டு முறை நனைந்தால் உப்பி, மடிந்து, நடக்கும்போது பாதத்தில் உறுத்தும்.

இப்போது தோல். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரைக்குத் தோல் என்ற அர்த்தம் மட்டும்தான், நல்ல தோல் என்ற அர்த்தம் இல்லை. மாட்டுத்தோலை இரண்டாக வகிர்ந்து, அடிப் பாதியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தாலும் அந்த முத்திரை குத்தலாம். நமக்கு வேண்டியது மேல்படலம் சிதையாத முழுத்தோல், ஃபுல் கிரெய்ன். பூட்ஸுக்கு 1.8 முதல் 2.2 மில்லிமீட்டர் கனம் போதும். கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஓரத்தைப் புரட்டி, வெட்டுவாயைப் பாருங்கள்: நார் நாராகத் தெரிந்தால் தோல், நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். அடுத்து, விரல்கள் மடங்கும் இடத்தில் கையாலேயே பத்துத் தடவை மடக்குங்கள். மெல்லிய ரேகைகள் விழுந்து, விட்டதும் மங்கினால் நல்ல தோல். கண்ணாடிக் கீறல் மாதிரி வெள்ளைக் கோடு விழுந்தால் மேலே கெட்டிப் பூச்சு இருக்கிறது. ஒரே மழைக்காலத்தில் உரியும். பெரிய கொப்புளம் போலத் தொளதொளவென்று எழும்பினால் வயிற்றுப்பக்கத் தோலை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் உருக்குலையும். எருமைத் தோல் கொஞ்சம் சொரசொரப்பு, கனம் அதிகம். அழகுக்கு மதிப்பெண் குறைந்தாலும் உழைப்புக்கு நம்பலாம்.

பக்கத்துத் திண்டுக்கல்லில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் வைத்துத் தோல் பதனிட்ட பழைய வழக்கம் உண்டு. இப்போது பூட்ஸ் மேல்தோலில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டதுதான். மழைக்கு அதுவே மேல். பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரைக் குடித்துக் கறை வாங்கும், சூடு பட்டால் சீக்கிரம் சுருங்கும். பெல்ட்டுக்கும் கைப்பைக்கும் அது ராஜா.

பலரும் கவனிக்காத இடம் நாக்கு. நாக்கின் இரண்டு ஓரமும் மடிப்புத் தோலால் மேல்பாகத்தோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். எத்தனை கயிற்றுக் கண் உயரம் வரை அந்தத் தையல் போகிறதோ அந்த உயரத் தண்ணீர் வரைக்கும்தான் பூட்ஸ் தாங்கும். நாக்கு இருபுறமும் தனியாகத் தொங்கினால், மேல்தோல் எத்தனை தரமானதாக இருந்தாலும் கயிற்று ஓரமாகவே குட்டை உள்ளே வந்துவிடும். பக்கவாட்டு ஜிப் வைத்ததும் அதே கதைதான். மண் புகுந்து முதலில் போவதும் அந்த ஜிப்தான்.

அளவு எடுப்பதில் நம்மவர்களுக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த பாதம் விரல் பக்கம் நன்றாக விரிந்திருக்கும். பூட்ஸ் பக்கவாட்டில் பிடிக்கிறது என்றதும் கடையில் ஒரு சைஸ் பெரியதை நீட்டுவார்கள். அப்போது அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம் 8 மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும். விளைவு, பூட்ஸ் மடங்கும் இடமும் விரல் மடங்கும் இடமும் வேறு வேறாகி, மடிப்பு பெருவிரல் மேல் குத்தும், குதிகால் ஆடிக் கொப்புளிக்கும். நீளத்தைக் கூட்டாதீர்கள், அகல வார்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த கடை. சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போதே போங்கள். போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலோ அதற்கு அடுத்த விரலோ, எது நீளமோ அதற்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். புதுசில் குதிகால் ஒரு 5 மில்லிமீட்டர் எழும்பினால் பயப்பட வேண்டாம், சோல் வளையப் பழகியதும் நின்றுவிடும். பக்கவாட்டு இறுக்கம் மட்டும் 'போடப்போட சரியாகிடும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். தோல் கொஞ்சம் இளகும், சோல் அகலம் இளகாது.

இன்னொன்று, வாசல். நம் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை காலணி கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: வீடு, கிளினிக், தெரிந்தவர் வீடு, கோயில். வெளிநாட்டு பூட்ஸ் இந்த வாழ்க்கைக்குச் செய்ததல்ல. கயிற்றை அவிழ்க்கச் சலித்துக்கொண்டு ஒரு காலால் மறு கால் குதியை மிதித்து உருவுவோம். குதிப்பக்கம் உள்ளே இருக்கும் விறைப்புத் தகடு ஒடிவது அப்படித்தான். ஒடிந்த பிறகு அதைச் சரிசெய்வது புது பூட்ஸ் தைப்பதற்குச் சமம். ஆறு இஞ்சு உயரம் வேண்டுமென்றால், கீழே நான்கு ஜோடிக் கண்ணும் மேலே மூன்று ஜோடிக் கொக்கியும் வைத்ததைத் தேடுங்கள். கொக்கியில் கயிறு ஒரே இழுப்பில் கழன்றுவிடும். அதிகம் கழற்றுகிறவர் எலாஸ்டிக் வைத்த செல்சி வகைக்கே போகலாம். வெயிலில் எலாஸ்டிக் தளரும், தளர்ந்தால் தைக்கிற அண்ணனிடம் மாற்றிக்கொள்ளலாம்.

பைக் ஓட்டுகிறவர் இடது பூட்ஸின் முனையைப் பாருங்கள். கியர் தூக்கும் இடத்தில், பெருவிரலுக்கு மேலே, கறுப்புத் தேய்ந்து தோல் சாம்பல் நிறமாகத் தெரியும். அந்த இடத்தில் தையல் குறுக்கே ஓடாத மாதிரியாக, முன்பகுதி ஒரே துண்டுத் தோலாக இருப்பதை வாங்குங்கள். தையல் ஓடினால் முதலில் அறுவது அந்த நூல்தான்.

சோலுக்கு ரப்பர். கட்டைவிரல் நகம் லேசாகப் பதிய வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி வழுக்கினால் மழையில் டைல்ஸ் மேலும் கருங்கல் மேலும் உங்களையும் வழுக்கிவிடும். குதிகாலில் லாடம் அடிக்கிற பழக்கத்தை மழை முடியும்வரை தள்ளி வையுங்கள். பள்ளத்தின் ஆழம் 3, 4 மில்லிமீட்டர் போதும். மலையேற்றச் சோல் போல ஆழமாக இருந்தால், திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் பத்தடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் அரைக் கிலோ மண் அப்பிக்கொள்ளும்.

வாங்குவது பாதி வேலை. மீதி, நனைந்த அன்று ராத்திரி நடப்பது. வீட்டுக்கு வந்ததும் கயிற்றை முழுக்க உருவி, நாக்கை வெளியே இழுத்து, உள்ளட்டையை எடுத்துத் தனியாக வையுங்கள். சேற்றை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகு சுரண்டினால் மேல்படலம் கீறும். பழைய தினத்தாளைக் கசக்கி, முனை வரை நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் கஞ்சிப் பதமாக இருக்கும், எடுத்து மாற்றுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. பிறகு பூட்ஸைப் பக்கவாட்டில் சாய்த்து, சோலுக்கும் காற்றுப் படும்படி ஃபேனுக்குக் கீழே விடுங்கள். முழுசாகக் காய ஒன்று முதல் இரண்டு நாள். தினமும் போடுகிறவருக்கு இரண்டு ஜோடி வேண்டும் என்பது இதனால்தான்: இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் சேர்ந்து, ஒன்றையே போடுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே உழைக்கும்.

செய்யக் கூடாதது: கேஸ் அடுப்புப் பக்கம், ஃப்ரிட்ஜின் பின்பக்கம், இஸ்திரிப் பெட்டி, மழைவிட்ட மறுநாள் மொட்டைமாடி வெயில். ஈரத் தோலின் நார் சூட்டில் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை கிரீம் தடவினாலும் விறைப்புப் போகாது. சூட்டில் சோல் பசையும் இளகும். 'நல்லா காயட்டும்' என்று மாடியில் வைத்த பூட்ஸ்தான் அடுத்த வாரம் வாயைப் பிளக்கிறது.

முக்கால்வாசி காய்ந்து, தொட்டால் லேசாகக் குளிர்ச்சி தெரிகிற பதத்தில் கிரீம் தடவுங்கள். ஒரு காலுக்குச் சுண்டைக்காய் அளவு, மடிப்பு விழும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக. மறுநாள் மெழுகு பாலிஷ், பட்டிக்கும் தையலுக்கும் நடுவே பழைய டூத் பிரஷ்ஷால். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்துவிட்டு அப்புறம் கிரீம். அலமாரியில் பூஞ்சணம் பிடித்தாலும் அதே கலவைதான், ஆனால் வெளியே வைத்துத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று எல்லாரும் கேட்பது உண்டு. அவசரத்துக்கு ஒரு சொட்டு தப்பில்லை. ஊற்றித் தேய்த்தால் தோல் தொங்கும், நிறம் கறுக்கும், அதற்கு மேல் பாலிஷ் ஒட்டாது.

வாய் பிளந்ததை ஒட்டக் கொடுக்கும்போது பூட்ஸ் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பழைய பசையை ராவி எடுத்து, இரண்டு பக்கமும் சொல்யூசன் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரை, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து அழுத்துகிறாரா என்று பாருங்கள். தடவிய கையோடு ஒட்டினால் நிற்காது. பிவிசி சோலாக இருந்தால் சாதாரண மஞ்சள் சொல்யூசன் எப்படியும் நிற்காது. பிவிசியில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து பசையை இளக்கிவிடும். பியூ (பாலியூரித்தேன்) பசை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிள்ளை கனடாவுக்குப் படிக்கப் போகிறான் என்று இங்கேயே பூட்ஸ் வாங்கித் தருகிறவர்களுக்கு: வேண்டாம். அங்கே பனி உருகச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள், பூஜ்யத்துக்குக் கீழே சில சோல்கள் கல்லாக இறுகி வழுக்கும். போய் இறங்கிய ஊரிலேயே வாங்கட்டும்.

கடைசியாக, கொஞ்சம் மலிவாக முடிக்க நினைப்பவர்கள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஐஎஸ்ஐ முத்திரை சேஃப்டி பூட்ஸ் பக்கம் போவார்கள். நல்ல யோசனைதான். ஐஎஸ் 15298 என்று எண் இருக்கும், முனையில் 200 ஜூல் அடியைத் தாங்கும் தொப்பி இருக்கும், சோலை அச்சில் உருக்கி நேரே மேல்தோலில் வார்த்திருப்பதால் லேசில் பிரியாது. ஆனால் அந்த சோல் பெரும்பாலும் பியூ. காற்றின் ஈரமே பியூவை உள்ளிருந்து அரிக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் அரிக்கும். பரண் மேல் நாலைந்து வருஷம் கிடந்த ஷூவை எடுத்துப் போட்டுத் தெருமுனை போவதற்குள் சோல் பழைய ரஸ்க் மாதிரி உதிர்வது இதனால்தான். தள்ளுபடியில் வருவதில் பழைய சரக்கு கலந்திருக்கும். நாக்கின் உள்பக்கத்திலோ சோலின் அடியிலோ தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருப்பார்கள், சிலதில் சின்ன கடிகார வட்டம் மாதிரி. இரண்டு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.