குறைத்துக் கொடுத்தாலும் தப்புக் கணக்குதான்

குழந்தைகள் பெயரைச் சொல்லி அரசுப் பணத்தைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அசாம் அங்கன்வாடிப் பட்டியலில் 14 லட்சம் பெயர்கள் போலி என்று 2018-இல் மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தியே சொன்னார். அதனால் கண்காணிப்பு வேண்டும். எதைப் பிடிக்கிறோம் என்பதில்தான் எனக்குத் தகராறு.

2021-இல் அங்கன்வாடிக் கணக்கைப் போனில் பதிகிற மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலி வந்தது. 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கிற சத்துமாவுக்கு முகப்பதிவு கட்டாயம், வாங்க வருகிறவரின் முகம் பதிவில் இருக்கிற முகத்தோடு பொருந்த வேண்டும். குடியாத்தம் பக்கம் ஒரு பால்வாடியில் இது நடப்பதைப் பார்த்தேன். பீடி முறத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்த பெண்ணிடம் டீச்சர் போனை நீட்டி, "கண்ண நல்லா சிமிட்டும்மா" என்கிறார். "எவ்ளோ வாட்டிக்கா சிமிட்டறது?" போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவளாவது பரவாயில்லை, பக்கத்தில் நின்றவள் இன்னும் ஆதாரோடு இணைக்கவே இல்லை, ஓடிபி பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போன புருஷனின் நம்பருக்குப் போகிறது, சாரத்தின் மேல் நிற்கிற மனுஷன் போனை எப்படி எடுப்பான்? இத்தனையும் 2017-இல் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டுச் செலவு 8 ரூபாய் என்று நிர்ணயித்த ஒரு திட்டத்துக்காக.

அமெரிக்காவிலும் இதே தலைவலி உண்டு. வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளைக் காப்பகத்தில் விட அங்கே மத்திய அரசு மாநிலங்களுக்கு நிதி தருகிறது. ஒவ்வொரு மாநிலமும் 3 வருடத்துக்கு ஒருமுறை, வழக்கமாக 276 கோப்புகளை மாதிரியாக எடுத்துத் தோண்டிப் பார்த்து, தவறான பட்டுவாடா எத்தனை சதவீதம் என்று அறிக்கை தர வேண்டும். 10 சதவீதத்தைத் தாண்டினால் எப்படித் திருத்தப்போகிறோம் என்று எழுதியும் தர வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கூடுதலாகக் கொடுத்தது மட்டுமல்ல, கொடுக்க வேண்டியதைக் குறைத்துக் கொடுத்ததும் அந்தக் கணக்கில் பிழைதான். காகிதம் இல்லாவிட்டாலும் பிழைதான். ஆகவே அந்தச் சதவீதம் முழுவதும் திருட்டு இல்லை (அங்கேயும் அரசியல்வாதிகள் அப்படித்தான் பேசுவார்கள், அது வேறு கதை). அதிலும் ஓட்டை உண்டு: காப்பகத்துக்கு வராத குழந்தையை வந்ததாகப் போட்டிருந்தால், மேஜையில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுகிறவருக்குத் தெரியாது. ஆனால் சோதனையில் நிற்பது கோப்பு, அம்மாவின் முகம் இல்லை.

நம்மிடம் நடப்பது தலைகீழ். முகம் பொருந்தாமல் ஒருத்தி வெறுங்கையோடு போனால் செலவு மிச்சம், பட்டியலும் சுத்தமாகத் தெரியும். ஏதோ ஒரு மலையூரில் சிக்னல் இல்லை என்பதால் விட்டுப்போகிற பெயரும் போலிப் பெயரும் ஒன்றா? உரிமை இருந்தும் இந்த மாதம் மாவு வாங்காதவர்கள் எத்தனை பேர், என்ன காரணம் என்று செயலியில் ஒரு கட்டம் போடட்டும். சூப்பர்வைசர் மாதாமாதம் சில பேர் வீட்டுக்குப் போய் அதைச் சரிபார்க்கட்டும். அந்த எண்ணிக்கையை மாவட்டவாரியாக வெளியிட்ட பிறகு, எவ்வளவு போலிகளை ஒழித்தோம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.