மருந்துச் சீட்டில் நான் திருத்திய எண்

டாக்டர் 10 மாத்திரை என்று எழுதியிருந்த இடத்தில் ஒன்றை நான்காக்கி 40 என்று மாற்றினேன். அதைச் செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதன் விளைவிலிருந்து வெளியே வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. காயத்தோடு ஆட்டம் முடிந்துபோய், வலி மாத்திரையை விட முடியாமல், வழக்கிலும் மாட்டியிருக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும், அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் கால்பந்து ஆடினேன். 19 வயதில் முதல் தொழில்முறை ஒப்பந்தம், 22 வயதில் வலது முழங்காலில் ஏசிஎல் கிழிந்தது, மூட்டு நகராமல் உள்ளே பிடித்துவைக்கும் தசைநார் அது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இதற்குப் பிறகு போட்டிக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். என் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது என்பதால் நான் ஏழாவது மாதமே இறங்கிவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வலிக்கிறதா என்று பிசியோ கேட்டபோதெல்லாம் இல்லை என்று சொன்னது நான்தான்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் டிரமடால் என்ற வலி மாத்திரை ஒன்று. சைக்கிள் பந்தயங்களில் அதை 2019-லேயே தடை செய்துவிட்டார்கள், உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை போட்டி நேரத் தடைப் பட்டியலில் சேர்த்தது 2024 ஜனவரியில்தான். நான் ஆடிய காலத்தில் எங்களுக்குத் தடை இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது, பக்கத்து லாக்கரில் இருப்பவனும் போடுகிறான், இதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தேன். அது ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்து அடிமையாக்கக்கூடிய வகை மருந்து என்பதுகூட அப்போது என் காதில் சரியாக விழவில்லை.

24 வயதில் அதே முழங்கால் மறுபடி போனது. மொத்தம் 41 ஆட்டங்கள், அதோடு கிளப் என்னை விட்டுவிட்டது.

அதற்கப்புறம் மாத்திரை முழங்காலுக்காக இல்லை. பத்து வருஷமாக யாரோ எழுதித் தந்த அட்டவணைப்படி எழுந்து, ஓடி, சாப்பிட்டுத் தூங்கியவனுக்குக் காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இல்லை, மதியம் வரை படுக்கையிலேயே கிடப்பேன், மாத்திரை போட்டால் மட்டும் நன்றாக ஆடிவிட்டு வந்த சாயங்காலம் மாதிரி உடம்பு தளர்ந்து ஒரு நிம்மதி வரும். முதலில் இரண்டு, பிறகு நான்கு, பிறகு எண்ணுவதை விட்டேன். டிரமடாலுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் வழக்கமான உச்ச அளவு, அதைத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து கூடும். எனக்கு வந்தது. குளியலறையில் விழுந்து கிடந்தவனை என் மனைவிதான் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவ்வளவு கேள்வி கேட்டும், இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மருந்துச் சீட்டைத் திருத்தியது அதற்கு அப்புறம்தான். நான்காவது தடவை மருந்துக்கடையில் இருந்த பெண் சீட்டை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, உட்காருங்கள் சார் என்று மரியாதையாகச் சொன்னார். உள்ளே போய் டாக்டருக்குப் போன் செய்திருக்கிறார். போலீஸ் வந்தது. ஒரு இரவு லாக்கப்பில் இருந்தேன், மறுநாள் அண்ணன் வந்து ஜாமீனில் எடுத்தார். மாத்திரை இல்லாமல் அந்த இரவே எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது, கொட்டாவி நிற்கவில்லை, கால்கள் தானாக உதறின. சளி பிடித்திருக்கிறது என்று காவலரிடம் சொன்னேன். அங்கேயும் பொய்தான். வலிப்பு வரலாம், டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள், வெட்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வக்கீலிடமும் ஒரே ஒரு தடவைதான் திருத்தினேன் என்று சொல்லியிருந்தேன். முதல் வாய்தாவில் அரசுத் தரப்பு நான்கு சீட்டுகளையும் எடுத்து வைத்தது. வெளியே வந்ததும் அவர், "எதிர்த்தரப்பு சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதினேன், எந்தக் கடை, எத்தனை மாத்திரை, யாரிடம் என்ன சொல்லி வாங்கினேன், வலிப்பு வந்தது, எல்லாம். நான்கு பக்கம் வந்தது. மனைவி படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, நான் விட்டுப்போன இரண்டு தேதிகளை மட்டும் ஓரத்தில் எழுதி வைத்தாள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் உங்களுக்கு என்ன தண்டனை வரும் என்று நான் சொல்ல முடியாது. என் விஷயத்தில், தீர்ப்புக்குக் காத்திருக்காமல் சிகிச்சையில் சேர்ந்துவிடுங்கள் என்று வக்கீல் சொன்னார், சேர்ந்தேன், அந்த மருத்துவ அறிக்கைகளை அவர் ஒவ்வொரு வாய்தாவிலும் கோர்ட்டில் கொடுத்தார். கடைசியில் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்து, இரண்டு வருஷம் கண்காணிப்பு, சிகிச்சையைத் தொடர வேண்டும், கூப்பிடும்போதெல்லாம் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வாங்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது டாக்டர் கொடுத்துள்ள மருந்துகளின் பட்டியலையும் கையில் கொண்டுபோய் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

சிகிச்சை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மிகத் தவறாக நினைத்திருந்தது இதைத்தான். வலி தாங்குவது என் தொழில், இதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம் என்று ஏற்கனவே ஒரு தடவை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்திப் பார்த்தேன். வயிற்றுப்போக்கும் உடம்பு வலியும் வரும் என்று தெரியும். மூன்றாவது நாள் வந்த பீதிதான் நான் எதிர்பார்க்காதது, கைகால்களில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது, சுவர் கிட்டே வருவது மாதிரி ஒரு பயம். டிரமடால் ஓபியாய்டாக மட்டும் வேலை செய்வதில்லை, மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனங்கள் இரண்டையும் தொடுகிறது, அதனால் திடீரென்று நிறுத்தும் சிலருக்கு இப்படியும் ஆகும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். அன்று ராத்திரியே மறுபடி போட்டுவிட்டேன். டாக்டர் இல்லாமல் நீங்களாகவே நிறுத்திப் பார்க்காதீர்கள்.

எனக்குக் கொடுத்தது புப்ரெனார்பின், ஓபியாய்டை விடும்போது வரும் தவிப்பை அடக்க நாக்கின் அடியில் வைத்துக் கரைய விடும் மருந்து. முதல் டோஸ் கொடுப்பதற்கு முன்னால் நர்ஸ் கேட்டார், கடைசியாக எப்போது மாத்திரை போட்டீர்கள்? நேற்று ராத்திரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. உண்மையில் அன்று காலை ஆறு மணிக்குப் போட்டிருந்தேன். என்ன தோன்றியதோ, காலை ஆறு மணி என்று சொன்னேன். அவர் திட்டவில்லை, குறித்துக்கொண்டு, அப்படியானால் இன்றைக்குக் கொடுக்க மாட்டோம், நாளைக்குப் பார்ப்போம் என்றார். உடம்பில் பழைய மருந்து இன்னும் வேலை செய்யும்போது இதைக் கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு இது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மெதுவாக வர வேண்டிய தவிப்பு ஒரே அடியாக வந்துவிடலாம். கஷ்டத்தைச் சொன்னால் அணியில் இடம் போகும் என்பது மட்டுமே தெரிந்தவன் நான். அன்று உண்மையைச் சொன்னதால் ஒருவர் என்னைக் காப்பாற்றினார். பொது வார்டில் அந்த இரவு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தேன், ஆனால் பயம் குறைவாக இருந்தது.

எட்டாவது மாதம் சறுக்கினேன். பழைய கிட் பையில் பூட்ஸுக்குள் ஒரு டிரமடால் மாத்திரை அட்டை கிடைத்தது, இரண்டு போட்டேன். அப்படி மறுபடி தொடங்கும் நேரம்தான் உயிருக்கு ரொம்ப ஆபத்தானது, உடம்பு பழைய பழக்கத்தை மறந்திருக்கும், முன்பு சாதாரணமாகத் தாங்கிய அளவே மூச்சை நிறுத்திவிடக்கூடும். சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ வெளியே வருகிறவர்களில் பலர் இறப்பதும் இதனால்தான். அதனால் ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் நலாக்சோன் ஸ்ப்ரே கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கு மூக்கில் அடிக்கக் கற்றுக்கொடுங்கள், அடித்ததும் ஆம்புலன்ஸையும் கூப்பிட வேண்டும். மறுநாள் காலையில் பரிசோதனைக்கு அழைப்பு வருவதற்கு முன்பே நானே கண்காணிப்பு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கோர்ட்டுக்குத் தகவல் போனது, கண்காணிப்பு ஆறு மாதம் நீண்டது, உள்ளே அனுப்பவில்லை. நீதிபதி மறுபடி என்னைப் பார்த்த அந்தப் பத்து நிமிஷம், பெனால்டி அடிக்கப் போகும்போதுகூட என் கால் அப்படி நடுங்கியதில்லை.

போன மாதம் அதே முழங்காலில் இன்னொரு சின்ன அறுவை சிகிச்சை. மயக்க மருந்து டாக்டர் வருவதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுத்தார்கள், தற்போது எடுக்கும் மருந்துகள் என்று ஒரு கட்டம். புப்ரெனார்பின் எடுக்கிறவருக்கு வலி மருந்தை வேறு மாதிரி திட்டமிட வேண்டும், அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பெயரையும் அளவையும் எழுதினேன், கீழே, டிரமடாலுக்கு அடிமையாகி இருந்தேன், அது தர வேண்டாம் என்றும் எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதிவிட்டுப் பேனாவை மனைவியிடம் கொடுத்தேன், அவள் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.