பதினெட்டுப் பேரின் கைக்காசு

மார்ச் 3, ஹட்டன்

காலையிலேயே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயாவின் அழைப்பு. "தம்பி, ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்தெடுத்த பதினெட்டுப் பேருக்குக் காசு விழலையே. வேலையை விட்டு நின்ற பாட்டி ஒருத்தருக்கு விழுந்திருக்கு."

மலையில் நனைந்து கொழுந்தெடுத்த காசு. நாள் முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை.

இரவு பிடிபட்டது. நான் எழுதிய சம்பள மென்பொருளில், திரையில் டிக் போட்ட தொழிலாளர் எண்களைக் காற்புள்ளியால் கோத்து, ஒரே சரமாக ஸ்டோர்ட் புரொசீஜருக்கு, அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கும் கட்டளைத் தொகுப்புக்கு, அனுப்புகிறேன். அதை வாங்கும் பராமீட்டர் வார்ச்சார் 500; அதாவது ஐந்நூறு எழுத்துவரைதான் பிடிக்கும். டிக் போட்டது 118 பேர். நூறு எண்கள் முழுதாக நுழைந்தபின் மூன்று எழுத்துக்கே இடம். 1432 என்பது 143 ஆகிவிட்டது. 143 பாட்டியின் எண். டேபிளில் இன்சர்ட் செய்யும்போது நீளம் மிஞ்சினால், தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் பிழை காட்டும். பராமீட்டரில் சத்தமே இல்லாமல் வெட்டிவிடும்.

மார்ச் 4

நீள வரம்பை ஏறக்குறைய இல்லாமலாக்கும் வார்ச்சார் மேக்ஸ் என்று மாற்றினால் இன்றைக்கே தீரும். ஆனாலும் சரத்தைப் பிரிக்கும் வேலை மிச்சம். அதைச் செய்யும் ஸ்ட்ரிங் ஸ்பிளிட் எஸ்கியூஎல் சர்வர் 2016 பதிப்பில்தான் வந்தது. தோட்ட ஆபீஸில் இருப்பது 2012.

கூட வேலை செய்யும் தம்பி கேட்டான்: "அண்ணே, 'இன்' அடைப்புக்குள்ள அப்படியே போட்டா என்ன?" 'இன்' என்பது ஓர் எண் அடைப்புக்குள் உள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது. சரத்தை அதில் போட்டால் முழுச் சரமும் ஒரே மதிப்பு; எண்ணாக மாற்ற முடியாமல் பிழை வரும். கட்டளையையே சரமாகக் கட்டி ஓட்டலாம். சம்பளக் கணக்கில் இன்ஜெக்‌ஷனுக்கு, அதாவது சரத்துக்குள் வேறு கட்டளையை நுழைக்கும் தாக்குதலுக்கு, அப்படிக் கதவு திறந்துவிட எனக்கு மனமில்லை.

மார்ச் 5

சரத்துக்குப் பதில் ஒரு முழு அட்டவணையையே பராமீட்டராக அனுப்பும் டேபிள் டைப்புக்கு மாறினேன். 2008 பதிப்பிலிருந்தே உள்ள வசதி. ஒரே நெடுவரிசை, முழு எண்ணுக்கான இன்ட், பிரைமரி கீ. புரொசீஜரில் ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) என்று போடாவிட்டால் ஏற்காது. மென்பொருள் பக்கம், டேட்டாடேபிள் என்ற நினைவக அட்டவணையில் ஆளுக்கொரு வரிசை. வெட்டுப்பட ஒன்றுமில்லை; ஒரே எண் இருமுறை வந்தால் பிரைமரி கீ தடுத்துவிடும். பதிந்தவர் எண்ணிக்கை அனுப்பியதோடு பொருந்தாவிட்டால் ரோல்பேக்; பதிந்தது எல்லாம் ரத்தாகும்.

மின்சாரம் இரண்டு தடவை போனது. 1,200 எண்களை அனுப்பிப் பார்த்தேன். 1,200 வந்தது.

மார்ச் 6

பதினெட்டுப் பேருக்கும் காசு கொடுத்தாயிற்று. பாட்டி தன் பேரில் விழுந்ததை அப்படியே ஆபீஸுக்குக் கொண்டுவந்திருந்தார். "என் பேரு இன்னும் செக்ரோல்ல இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் இருக்கக் கூடாது, அவர் நின்று நான்கு வருடமாகிறது. வேலையில் இருப்பவரா என்று பார்க்கும் வரியே அந்தப் புரொசீஜரில் இல்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தேன்.