அதே நாடாளுமன்றம், நேரெதிர் வாக்கு

212க்கு 1.

இலங்கை அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தில் விழுந்த வாக்கெண்ணிக்கையை இன்று மறுபடி பார்த்தேன். பக்கத்திலேயே 18ஆவது: 161க்கு 17.

2010 செப்டம்பரில் (18ஆவது) ஜனாதிபதியின் நியமன அதிகாரத்தை அவிழ்த்துவிட்டதும், 2015 ஏப்ரலில் (19ஆவது) அதற்குக் கடிவாளம் போட்டதும் ஒரே நாடாளுமன்றம். இடையில் பொதுத்தேர்தல் இல்லை. ஆசனங்களிலும் பெரும்பாலும் அதே முகங்கள்.

மனம் மாறியது என்று நான் நம்பவில்லை. மாறியது ஜனாதிபதி. 2015 ஜனவரித் தேர்தலில் மகிந்த ராஜபக்ச தோற்றிருந்தார். நியமனப் பேனா புதிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் கையில். அதைக் கட்டுப்படுத்துவதில் மகிந்த அணிக்கும் இலாபம் இருந்தது.

அதிலும் சும்மா கை தூக்கவில்லை, விலை கேட்டார்கள். நீதியரசர், பொலிஸ் மா அதிபர் நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையில் 10 பேர். முதல் வரைவில் 7 பேர் வெளியாட்கள், 3 பேர் எம்.பி.க்கள். குழுநிலையில், அதாவது வரைவைப் பிரிவு பிரிவாகத் திருத்தும் கட்டத்தில், அது அப்படியே தலைகீழானது: 7 எம்.பி.க்கள், 3 வெளியாட்கள். வாக்கைப் புரிந்துகொள்ள உரைகளைவிட இந்தக் குழுநிலைத் திருத்தங்களைத்தான் படிக்க வேண்டும்.

2020இல் 20ஆவது திருத்தம் பேரவையையே கலைத்தது. அதன் இடத்தில் 5 பேர் கொண்ட நாடாளுமன்றப் பேரவை. அது அபிப்பிராயம் சொல்லலாம், தடுக்க முடியாது. 156க்கு 65. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவை 150. எதிரணியிலிருந்தும் ஆதரவு வாக்குகள் விழுந்தன.

2022இல் 21ஆவது, மறுபடி பேரவை: 179க்கு 1.

2015இலும் 2022இலும் அந்த ஒற்றை எதிர்வாக்கு ஒரே ஆளுடையது: மகிந்த அணி எம்.பி. சரத் வீரசேகர.