புகைக்கூண்டு வழியாக மாடிக்குப் போன நெட்

முதல் தப்பு, மாதச் சந்தாவை ஏற்றியது. மாடியில் நெட் ஊர்கிறது என்றதும் 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட் வேகம்) திட்டத்தை 100 ஆக மாற்றச் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் கூடுதலாகக் கட்டினேன். முன்பு மாடியில் 6, 7 வந்தது. அப்புறமும் அதே 6, 7தான்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. முன்கட்டு தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடிச் சுவர். சமையலறையை ஒட்டித் தூண் எழுப்பி, மாடியில் இரண்டு அறை நான் எடுத்தேன். பின்கட்டில் அண்ணன் குடும்பம். ஃபைபர் வந்து இறங்குவது திண்ணையறையில், அப்பாவின் மேஜைக்கு மேலே. அப்பா பத்திரம் எழுதியவர். இன்றும் வில்லங்கம் பார்த்துச் சொல்லச் சொல்லி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், அதற்காகவே அவருக்கு ஒரு டெஸ்க்டாப். மாடியில் என் ஆபீஸ் லேப்டாப்பும், மனைவி ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் கம்ப்யூட்டரும். நாலாவது, அண்ணன் மகனின் லேப்டாப். இன்ஜினியரிங் படிக்கிறான்.

ஒரு கனெக்ஷனைப் பங்கு போடுவது இந்த வீட்டுக்குப் புதிதில்லை. 2006 வாக்கில் டெலிபோன் கம்பியில் 256 கேபிபிஎஸ் பிராட்பேண்ட் இருந்தபோதே செய்திருக்கிறோம். அப்பாவின் கம்ப்யூட்டரில் இரண்டு லேன் கார்டு, அதாவது நெட் கம்பி செருகும் அட்டை. ஒன்றில் மோடம், இன்னொன்றில் என் கம்ப்யூட்டர். விண்டோஸ் எக்ஸ்பியில் ‘இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும். ஒரே தொல்லை, அவர் தூங்கப் போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார், எனக்கு நெட் போய்விடும். அந்தக் கம்பி 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் வேப்பமரக் கிளையோடு போனது. அதிலிருந்து, வெளியே தொங்கும் எந்தக் கம்பியும் அப்பாவுக்கு ஆகாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மூன்றாவது மாத பில் வந்த பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். லேப்டாப்பைத் திண்ணையறைக்குத் தூக்கிப்போய், கம்பெனிக்காரர் வைத்த பெட்டியில் நேராக லேன் கம்பியைச் செருகி வேகம் பார்த்தேன். 94 காட்டியது. ஆக, வாசல்வரை சரியாகத்தான் வருகிறது. வைஃபைக்கு வந்த வினை அந்த ஒன்றரை அடிச் சுவர். அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் தெருவில் இருக்கும் எல்லா வீட்டு வைஃபையும் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்.

மாடிக்குத் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கினேன். ஒத்திகைக்கு மாடிப்படி வழியாகத் தற்காலிகமாகக் கம்பியை இழுத்து, ‘வேன்’ (WAN, வெளியிலிருந்து நெட் வரும் வழி) என்று எழுதியிருந்த துளையில் செருகினேன். பிரமாதமாக வேலை செய்தது, ஒரு நாள். மறுநாள் காலை அப்பா கீழேயிருந்து, “என்னப்பா, பிரிண்டரைக் காணோம்” என்றார்.

பிரிண்டர் மாடியில் இருக்கிறது, வைஃபை பிரிண்டர். அதைப் புது ரவுட்டரில் சேர்த்திருந்தேன். இங்கேதான் விஷயம். வெளியுலகத்துக்கு நம் வீடு முழுவதும் ஒரே முகவரி. ஒண்டுக்குடித்தனத்துக்கு ஒரே கதவு எண் இருப்பதைப் போல. உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168 என்று தொடங்கும் தனி எண்ணைக் கொடுத்து, யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்து, வரும் பதிலைச் சரியான ஆளிடம் சேர்ப்பது ரவுட்டரின் வேலை. நான் வேன் துளையில் செருகியதால் மாடி தனிக்குடித்தனம் ஆகிவிட்டது. கீழே 192.168.1 வரிசை, மேலே 192.168.0 வரிசை. மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்க்கலாம். கீழேயிருந்து பார்த்தால் மாடியே தெரியாது. படம் பார்க்க, மெயில் அனுப்ப இது போதும். பிரிண்டருக்கும், ஃபைல் பகிர்வதற்கும் ஆகாது.

சரி, வேன் துளையிலிருந்து பிடுங்கி, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான லேன் (LAN) துளையில் செருகினால் எல்லாம் ஒரே குடும்பம் ஆகிவிடும் என்று படித்து, செருகினேன். அன்று சாயங்காலம் அண்ணன் மகன் படியில் நின்று, “சித்தப்பா, நெட் இருக்கு, ஆனா இல்ல” என்றான். வைஃபை முழுசாகக் காட்டுகிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை. மனைவியின் கம்ப்யூட்டரில் வருகிறது, என்னுடையதில் இல்லை. அணைத்துப் போட்டால் எனக்கு வருகிறது, அவளுக்குப் போய்விடுகிறது. டியூஷன் பிள்ளைகள் ஏழு பேர் திரையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டில் எனக்கு இருந்த மரியாதையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

காரணம் சின்னது. உள்ளே எண் கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். வீட்டுக்குள் அதை ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். இப்போது இரண்டும் செய்துகொண்டிருந்தன. யார் முந்திக்கொண்டு எண் கொடுக்கிறதோ அதுதான். புது ரவுட்டரிடம் எண் வாங்கிய கம்ப்யூட்டர் நெட்டுக்கும் அதையே நம்பிப் போகும். அதன் வேன் துளையோ காலி.

செய்ய வேண்டிய வரிசை இது. மெயின் பெட்டியோடு சேர்க்கும் முன், புது ரவுட்டரைத் தனியாக லேப்டாப்பில் மாட்டுங்கள். முதலில் அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழே இருப்பது 192.168.1.1 என்பதால் மோதாது. அந்த 2 கீழ்ப்பெட்டி பங்கிட்டுக் கொடுக்கும் எண்களுக்குள் வராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மறுபடி உள்ளே போய் டிஹெச்சிபியை அணையுங்கள். அதன் பிறகு லேன் துளையில் கம்பி. நான் டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டேன். எண் கொடுக்க ஆளில்லாததால் ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள்ளேயே போக முடியவில்லை. லேப்டாப்புக்கு 192.168.0.50 என்று கையால் எண் போட்டுத்தான் நுழைந்தேன். சில ரவுட்டர்களில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்று ஒரே பொத்தான் இருக்கிறது. அது இருந்தால் இந்தப் பாடு வேண்டாம்.

அடுத்தது நிரந்தரக் கம்பி. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்துவிட்டு, “கரண்ட் பைப்புலயே விட்டுடலாம் சார், அரை மணி நேர வேலை” என்றார். 230 வோல்ட் ஓடும் குழாயில் நெட் கம்பியை விடுவது ஆபத்து, விட வேண்டாம் என்றேன். வெளிச்சுவர் வழியே என்றால் அப்பா சம்மதிக்கவில்லை. தானே புயல் கதையை எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு முறை சொன்னார். அப்பா சொல்வதில் நியாயமும் உண்டு. ஐப்பசி இடியில் வெளியே கிடக்கும் நீளக் கம்பி இரண்டு பக்கப் பெட்டியையும் கருக்கிவிடும். போதாததற்கு உப்புக் காற்று வேறு. தேவனாம்பட்டினக் கடல் எங்களுக்கு அதிக தூரமில்லை.

வழி காட்டியது அம்மா. “அந்தப் புகைக்கூண்டு சும்மாதானே இருக்கு?” விறகடுப்பு போய் முப்பது வருடமாகிறது. கூண்டு மாடிச் சுவரை ஒட்டித்தான் மேலே போகிறது. பழைய கரியைச் சுரண்டி, உள்ளே ஒரு பிவிசி குழாயை இறக்கினோம். திண்ணையறையிலிருந்து சமையலறை வரை பரண் ஓரமாகக் கம்பி. மொத்தம் 22 மீட்டர். இவ்வகைக் கம்பியில் 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் கவலையில்லை.

கம்பி வாங்கும்போது பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. முழுச் செம்பாகக் கேட்டு வாங்கினேன்.

கம்பி முனையில் ஜாக்கை நானே கிரிம்ப் செய்தேன், அதாவது இடுக்கியால் அழுத்திப் பொருத்தினேன், அங்கே இரண்டு நாள் போனது. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றன, ஆனால் நெட் விட்டுவிட்டு வருகிறது. நான் ஜோடி ஜோடியாக, பார்க்க அழகாக, ஆரஞ்சுக்குப் பின் பச்சை, பச்சைக்குப் பின் நீலம் என்று அடுக்கியிருந்தேன். அது தப்பு. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன், இதுதான் வரிசை. 3ஆம், 6ஆம் ஊசிகள் ஒரே முறுக்கில் வரும் ஜோடியாக இருக்க வேண்டும். முறுக்கினால்தான் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். டெஸ்டருக்கு இது தெரியாது. கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. இரண்டு முனையையும் வெட்டிவிட்டு மறுபடி அடித்தேன். விட்டுவிட்டு வருவது நின்றது.

இரண்டு சின்ன விஷயம். கல்லூரி ப்ராஜெக்ட் வீடியோவை அண்ணன் மகன் மேலேற்றும்போதெல்லாம் மனைவியின் வகுப்பு திணறியது. மேலேற்றும் பாதை நிரம்பினால் கீழிறங்குவதும் சேர்ந்து தடுமாறும். மெயின் பெட்டியின் செட்டிங்கில் அவன் லேப்டாப்புக்கு மட்டும் அப்லோடு வரம்பு வைத்தேன். அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொன்று, கரண்ட் போனால் நெட் நிற்காமலிருக்க சின்ன யுபிஎஸ் வாங்குபவர்கள் வோல்ட்டேஜைப் பார்த்து வாங்குங்கள். எங்கள் ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட், ரவுட்டருக்கு 9. இரண்டின் முனையும் ஒரே அளவு. செருகும் நொடியில்தான் கவனித்தேன்.

மாடிக்குத் தேவைப்படும் என்று வாங்கிய 5 துளை ஸ்விட்ச் (ஒரு நெட் கம்பியைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரிக்கும் பெட்டி) பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. ரவுட்டரின் மிச்சத் துளைகளே போதுமானதாக இருந்தன. போன மாதம் திட்டத்தை மறுபடி 40க்கு இறக்கிவிட்டேன். மாடியில் 38 வருகிறது. பின்கட்டுக்கு மட்டும் இன்னும் வைஃபைதான். நடுவில் கிணற்று முற்றம், கம்பி வெளியே போயாக வேண்டும். அப்பாவிடம் பேச்செடுக்க நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.